நாலு மணி இன்னும் வரவில்லை

நேமத்தான்பட்டிக்குத் தெற்கே சோலார் கம்பெனி வேலி போட்டிருக்கும் காட்டுக்குள் செல்போன் எடுக்காது. நூற்றிருபது ஏக்கர் கண்ணாடிப் பலகை. நான் அங்கே காவல்காரன். பெயர் ஏகப்பன், வயது அறுபத்தொன்பது. காவலைத் தவிர எனக்கு இன்னொரு வேலையும் வைத்திருந்தார்கள். கம்பெனி ஃபோனைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கரைக்கு நடப்பது.

அது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். காட்டில் ஒரு பழுது என்றால் அதை அந்த ஃபோனில் பதிய வேண்டும். பதிந்தால் ஒரு நம்பர் விழும். சென்னையில் ஒரு அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த நம்பரைப் பார்த்துத்தான் எங்கள் பக்கத்துக் கரண்டை நிறுத்துவார்கள், விடுவார்கள். சுவிட்சு அங்கே, கம்பியைத் தொடும் கை இங்கே. நிறுத்துகிற ஒயர் மண்ணுக்குள் புதைந்து சென்னைவரை நன்றாகத்தான் போகிறது. எங்கள் பேச்சு போகத்தான் வழியில்லை. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்திலேயே கையால் இழுத்துப் பூட்டுகிற சுவிட்சு ஒன்று உண்டு. அது பங்குனியிலிருந்து இறுகிப்போய் அசையவில்லை. அதற்கும் நம்பர் போட்டுப் பதிந்திருக்கிறது. பதிந்தது பதிந்தபடி கிடக்கிறது.

ஃபோனில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான். ஆனால் நிறம் தெரியும், எண் தெரியும். சிவப்பு என்றால் பழுது. மஞ்சள் என்றால் ஆள் உள்ளே கைவைத்திருக்கிறது, கரண்டை விடாதே. பச்சை என்றால் வேலை முடிந்தது, ஆள் வெளியே வந்தாயிற்று, விடலாம். காட்டுக்குள் இருந்து பதிந்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மேகம் நிற்கும். இன்னும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஒன்றரை கிலோமீட்டர் நடந்து கண்மாய்க்கரையில் மடைக்கு மேலே நின்றால் ஒரு கோடு சிக்னல் வரும். மேகம் மறையும். சென்னையிலிருந்து பதில் வரும். அதை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.

ஒரு பொம்பளைப் பிள்ளையின் உயிரை ஒரு நிறத்தில் கொண்டுபோய் வைக்கிறார்களே என்று முதல் நாளே கேட்டேன். வாச்மேனுக்கு எதற்கு அதெல்லாம் என்றார்கள்.

அந்தப் பிள்ளை ரேணுகா. தேவகோட்டை. ஐ.டி.ஐ. படித்துவிட்டு இங்கே எலக்ட்ரீஷியன். வயது இருபத்தாறு. தகப்பன் இல்லை, தாய் அழகி மட்டும்தான். ரேணுகாவுக்குக் கை சுத்தம். வாய் கொஞ்சம் நீளம்.

ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்றாவது டிரான்ஸ்பார்மர் பெட்டிக்குள் கேபிள் முனை கருகி வாடை அடித்தது. நம்பர் முன்னூற்று நாற்பத்தேழு. காலையில் அவள் மஞ்சள் பதிந்து கொடுத்தாள், நான் கரைக்குப் போய், நிறுத்தியாயிற்று என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே குனிந்தாள். பதினொரு மணி வாக்கில் தலையை வெளியே நீட்டினாள்.

"அய்யா, இன்னொரு நடை போகணும்."

"இப்பத்தான வந்தேன்."

"மூணு முனை கருகிக் கெடக்கு. மாத்துறதுக்கு எங்கிட்ட ரெண்டுதான் இருக்கு. போட்டோ எடுத்து அனுப்புனாத்தான் காரைக்குடியிலேர்ந்து மத்தியான வண்டியில குடுத்துவிடுவாக."

"அப்ப, சாயங்காலம் முடிஞ்சிச்சுன்னு சொல்ல இன்னொரு நடை. ஆக மூணு. ஏத்தா, எனக்கு முழங்கால் ரெண்டுதான் இருக்கு. அதுல ஒண்ணு பழுது. அதுக்கொரு நம்பரு போடு."

"போட்டா வருசக்கணக்கா செவப்பாவே கெடக்கும், பரவால்லயா?"

"வெளையாடல புள்ள. மூணாவது நடை நான் நடக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"சரி, நடக்க வேணாம். நான் பாத்துக்கிறேன். ரெண்டு நடையோட முடிச்சிருவோம்."

கையுறையைக் கழற்றி, படம் எடுத்து, ஃபோனில் என்னென்னவோ தட்டினாள். படம் எடுத்ததற்கு அவ்வளவு தட்ட வேண்டியதில்லை. வெயிலுக்குப் பயந்து ஃபோனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தாள். என்ன தட்டினாய் என்று நான் கேட்கவில்லை. எல்லாரையும் எல்லாவற்றையும் குடைந்து குடைந்து கேட்கிறவன், அன்றைக்குக் கேட்கவில்லை. மூணாவது நடை இல்லை என்ற சந்தோசத்தில் போய்விட்டேன்.

கரை ஏறி மடைச் சுவருக்குப் பக்கத்தில் நின்று பையைப் பிரித்தேன். படம் கனம் போலிருக்கிறது, போகாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குக் கீழே பார்த்தேன். முன்னூற்று நாற்பத்தேழு பச்சையாக இருந்தது. பக்கத்தில் மேகம். வெயிலில் கண் கூசி, ஃபோனை நிழலுக்குத் திருப்பி மறுபடி பார்ப்பதற்குள் மேகம் போய்விட்டது. வெறும் பச்சை நின்றது.

எனக்கு உடனே விளங்கவில்லை. வேலை இப்போதுதானே பாதி, பச்சை எப்படி வரும் என்று நின்றேன். அதற்குள் சென்னையிலிருந்து பதில் வந்துவிட்டது. இங்கிலீஷ் நடுவில் எண் மட்டும் படித்தேன். 347. அப்புறம் 12.05. மேலே ஃபோன் மணி 11.52 காட்டியது.

பன்னிரண்டு ஐந்துக்குக் கரண்டு விடப்போகிறார்கள். ரேணுகா பெட்டிக்குள் இரண்டு கையையும் வைத்திருக்கிறாள். அவளுடைய சொந்த ஃபோன் அங்கே எடுக்காது. நான் திரும்பி நடந்தால் இருபத்தைந்து நிமிடம்.

ஃபோனுக்குப் பின்னால் ஒட்டியிருந்த நம்பருக்கு அடித்தேன்.

"கன்ட்ரோல் ரூம், அக்ஷய் பேசுறேன்."

"தம்பி, கரண்ட விட்டுறாதீக. புள்ள உள்ள இருக்கு."

"எந்த சைட் சார்? டிக்கெட் நம்பர் சொல்லுங்க."

"முன்னூத்தி நாப்பத்தேழு."

தட்டுகிற சத்தம் கேட்டது. "அது க்ளோஸ் ஆயிடுச்சே சார். ரேணுகா மேடமே க்ளோஸ் பண்ணியிருக்காங்க. வேலை முடிஞ்ச நேரம் நாலு மணின்னு போட்டிருக்காங்க."

"இப்ப மணி என்ன?"

"பதினொன்னு அம்பத்தி நாலு."

"நாலு மணி இன்னும் வரலையே தம்பி."

"டைம் தப்பா விழுந்திருக்கும் சார். நிறைய சைட்ல அப்படி வருது. நீங்க யாரு?"

"வாச்மேன்."

"வாச்மேன் சொல்லி நான் நிறுத்திவைக்க முடியாது சார். அவங்க ஃபோன்லேர்ந்து திரும்ப ஓபன் பண்ணச் சொல்லுங்க. ஓபன் ஆயிட்டா நான் கரண்ட் விட மாட்டேன்."

"அந்த போனுதான்யா எங்கையில இருக்கு!"

"அப்ப நீங்களே பண்ணுங்க. அந்த லைனைத் தொட்டா கீழே ஒரு பட்டன் வரும். அமுக்குங்க."

அமுக்கினேன். பச்சை மஞ்சளானது. பக்கத்தில் மேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. போகவில்லை.

"மேகம் போகல தம்பி."

"பேசிட்டிருக்கும்போது அந்த சிம்ல நெட் வராது சார். கட் பண்ணிட்டு ஒரு நிமிஷம் பாருங்க."

பேசினால் பதிவு போகாது, பதிவு போக வேண்டுமென்றால் பேசக் கூடாது. கட் பண்ணினேன். இருந்த ஒரு கோடும் அப்போது பார்த்து அணைந்துபோனது. மடைச் சுவர்மேல் ஏறிக் கையைத் தூக்கிப் பிடித்தேன். இங்குட்டுத் திரும்பினேன், அங்குட்டுத் திரும்பினேன். மேகம் அசையவில்லை. கோடு திரும்ப வந்தபோது 11.59. மேகத்தை நம்பி இனி நிற்க முடியாது என்று மறுபடி அடித்தேன். அதே பையன்தான்.

"இன்னும் ஓபன் ஆகலையே சார்."

"ஆகாது. நான் சொல்றேன், நீ விடாத."

"எங்க சூப்பர்வைசர் டீ குடிக்கப் போயிருக்கார் சார். கேட்டுட்டு சொல்றேன், லைன்ல இருங்க."

காதில் ஏதோ பாட்டு ஓடியது. அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் கண்ணெதிரே பச்சை இருக்கிறது. என் குரல் எங்கேயோ ஒரு கண்மாய்க்கரையிலிருந்து வருகிறது. நான் அவனாக இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன். நம்பாமலே இருந்து வந்தவன் நான், எனக்கு அது தெரியும்.

நம்பர் கேட்காமல் அவர்கள் எதற்கு நிறுத்துவார்கள் என்று யோசித்தேன். போன வருசம் கம்பெனியின் வேறொரு காட்டில் ஒருத்தன் அடிபட்டு விழுந்தபோது, ஒரு வார்த்தை கேட்டதும் மொத்தக் காட்டையும் அணைத்துவிட்டார்களாம். அப்புறம்தான் விசாரித்தார்களாம். அடிபட்ட பிறகு கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க மாட்டார்கள்.

பாட்டு நின்றது. "சார், இன்னும் ஒரு ரெண்டு நிமிஷம்..."

"தம்பி, அந்தப் புள்ள செத்துருச்சு."

"என்ன சார்?"

"பொட்டிக்குள்ள கை வச்சபடி கருகிக் கெடக்கு. எல்லாத்தையும் நிப்பாட்டு."

கரண்டே இன்னும் விடவில்லையே, எப்படிச் செத்தாள் என்று அவன் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. யாரையோ கூப்பிட்டுக் கத்தினான். அதோடு லைன் அறுந்தது. மணி 12.03.

அவன் நிறுத்தினானா, நிறுத்துவதற்குள் இன்னொருத்தன் விட்டுவிட்டானா, எனக்குத் தெரியாது. மறுபடி அடித்தேன், போகவில்லை. ஃபோனை மடியில் செருகிக்கொண்டு ஓடினேன். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு காலை இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் நான் சொன்ன வார்த்தை காதில் விழுந்துகொண்டே இருந்தது. கருகிக் கெடக்கு என்று ஏன் சொன்னேன். செத்துருச்சு என்றால் போதாதா. வாயில் வந்தது அப்படியே நடந்திருந்தால் நான் எங்கே போய் நிற்பேன். வேலிக்குள் நுழைந்தபோது மூக்கை உயர்த்தி வாடை பிடித்துப் பார்த்தேன். அப்படிச் செய்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பெட்டி தெரிந்தது. பெட்டிக்கு வெளியே அவள் கால் இரண்டும் நீட்டிக் கிடந்தன. அசைவு இல்லை. கூப்பிட எனக்கு மூச்சு இல்லை. நெருங்க நெருங்க அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு போனேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு கை வெளியே வந்து, தரையைத் தடவி, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

தோளைப் பிடித்து இழுத்து வெளியே போட்டேன்.

"என்னய்யா! என்ன ஆச்சு உங்களுக்கு? கைய விடுங்க!"

ஃபோனை முகத்துக்கு நேரே நீட்டினேன். பார்த்தாள்.

"இதுவா? நாந்தான் எழுதுனேன். சாயங்காலம் நீங்க நடக்க வேணாம்னு. நாலு மணின்னு போட்டுருக்கேன்ல. நாலு மணி ஆனாத்தான கரண்ட விடுவாக? அதுக்குள்ள நான் வேலைய முடிச்சு வெளிய வந்துருவேன்னு..."

"நாலு மணிக்கு இல்ல."

"எப்ப?"

"கரையில பையப் பிரிச்சதும் பச்சை போயிருச்சு. அவுகளுக்கு நாலு மணியும் தெரியாது, எட்டு மணியும் தெரியாது. பச்சை வந்தா விடுவாக. பன்னெண்டு அஞ்சுக்கு."

ஃபோனில் மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது. அவள் டெஸ்டரை எடுத்துப் பெட்டிக்குள் நீட்டிப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. டெஸ்டரைக் கீழே வைத்தாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மூணாவது நடை நடக்க மாட்டேன் என்று நீதானே சொன்னாய் என்று அவள் என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"என்ன சொல்லி நிப்பாட்டுனீக?" என்றாள்.

"நீ செத்துட்டன்னு."

சிரித்தாள். சிரித்த முகம் அப்படியே மாறிப்போனது. "அய்யா, அவுக வீட்டுக்குச் சொல்லிருவாகளே. எங்கம்மாவுக்கு."

தன் சொந்த ஃபோனை எடுத்துக்கொண்டு கண்மாயைப் பார்த்து ஓடினாள். என்னால் மறுபடி ஓட முடியவில்லை. கேட்டுக்குப் போய் நின்றேன்.

ஒரு மணிக்கு முன்னாலேயே ஆட்டோ வந்துவிட்டது. அழகி மட்டும் இறங்கினாள். காலில் செருப்பு இல்லை. தலை அவிழ்ந்து கிடந்தது. அழுதுகொண்டு வரவில்லை, அதுதான் என்னை என்னவோ செய்தது.

"எங்க கெடக்கா?" என்றாள்.

"இருக்கா."

"எங்க கெடக்கான்னு கேட்டேன்."

"உசுரோட இருக்காத்தா. ஒங்களுக்குப் போன் போடத்தான் கண்மாய்க்கரைக்குப் போயிருக்கா. ஒண்ணும் ஆகல."

அவள் நம்பவில்லை. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு இப்படி மழுப்புகிறான் என்று நினைத்திருப்பாள். "சத்தியமா" என்றேன். அதையும் கேட்டுக்கொள்ளவில்லை. "வாங்க, காட்டுறேன்" என்று நடந்தேன். என்னைத் தாண்டி நடந்தாள். பாதை முள்ளுப் பாதை, வெறுங்கால். செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன், திரும்பிப் பார்க்கவில்லை.

பாதிக்கு மேல் போனதும் கரை தெரிந்தது. கரைமேல் ஒரு உருவம் ஃபோனைக் காதில் வைத்து நின்றது. நான் கையை நீட்டிக் காட்டினேன். அப்போதுதான் அந்த இடத்துக்கு சிக்னல் எட்டியிருக்க வேண்டும், அழகியின் கையில் இருந்த ஃபோன் அடித்தது. அதில் ரேணுகாவின் படம் தெரிந்தது. அவள் எடுக்கவில்லை. படத்தைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. அப்படியே பாதையில் உட்கார்ந்தாள்.

மகள் ஓடிவந்தாள். தாய் எழுந்து முதலில் அவள் முகத்தையும் கையையும் தடவினாள். பிறகு முதுகில் நாலு அடி போட்டாள். அதன் பிறகுதான் அழுதாள்.

"செத்துட்டான்னு யாரு சொன்னது?" என்று கேட்டாள்.

"நான்தான்," என்றேன்.

ரேணுகா, "அம்மா, அவுக சொல்லலைன்னா நான்..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு." என் பக்கம் திரும்பினாள். "தேவகோட்டையிலேர்ந்து இங்குட்டு வர்ற வரைக்கும், அவள எந்தச் சேலை போத்தி எடுக்கிறதுன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். கல்யாணத்துக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். அதப் போத்தலாமா, வேணாமான்னு. நல்லா இருப்பீகளாய்யா நீங்க?"

பிள்ளையைக் காப்பாற்றினேன் என்று அந்தத் தாயிடம் நான் போய்ச் சொல்ல முடியுமா. மூணாவது நடைக்கு முடியாது என்றவனும் நான்தான்.

மூன்று நாள் கழித்துச் சென்னையிலிருந்து கிருத்திகா என்று ஒரு அம்மா விசாரிக்க வந்தார். பதவிசாகப் பேசினார். ஃபோன் பட்டியலில் முன்னூற்று நாற்பத்தேழுக்குக் கீழே கறுப்பாக ஒரு வரி இருந்தது. ஒரு சாவு என்று அர்த்தமாம். அதை அழிக்க முடியாதாம். அதற்கு அடியில் தவறான தகவல் என்று இன்னொரு வரிதான் போடலாமாம்.

"ஏன் பொய் சொன்னீங்க?" என்று கேட்டார்.

"உண்மையச் சொன்னேன். நம்பர் கேட்டாக."

"வேலை முடியறதுக்கு முன்னாடியே அவங்க ஏன் க்ளோஸ் எழுதினாங்க?"

"மூணாவது தடவை நடக்க மாட்டேன்னு நான் சொன்னேன். அதுக்காக எழுதுச்சு. அதையும் எழுதிக்கங்க."

எழுதவில்லை. அவர் வைத்திருந்த தாளில் அதற்குக் கட்டம் இல்லை. கைச் சுவிட்சு இறுகிக் கிடப்பதைக் காட்டினேன், படம் எடுத்துக்கொண்டார். ரேணுகாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எனக்கும் வந்தது. என்னுடையதை ரேணுகாதான் படித்துச் சொல்ல வேண்டும், அவள் அப்போது வேலைக்கு வரவில்லை. அழகி அனுப்பவில்லை.

மூன்று வாரம் கழித்து வந்தாள். கூடவே அழகியும் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துப் பேசினாள்.

"அவ கைய உள்ள வச்சிருக்கிறப்ப, அந்தப் போனு அவள விட்டு எங்குட்டும் போகக் கூடாது. போகணும்னா அவளே எடுத்துக்கிட்டுப் போகட்டும். இதுக்கு ஒத்துக்கிட்டா விட்டுட்டுப் போறேன்."

"சரித்தா," என்றேன்.

"கம்பெனியில கேட்டா?"

"கேக்கட்டும்."

இப்போது அப்படித்தான் நடக்கிறது. எதையாவது சொல்ல வேண்டுமென்றால் ரேணுகா கையை வெளியே எடுத்து, பெட்டியை மூடி, ஃபோனைத் தூக்கிக்கொண்டு தானே கரைக்கு நடக்கிறாள். ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் ஆகிறது. ஏன் தாமதம் என்று சென்னையிலிருந்து கேட்டுக் கேட்டு வருகிறது. நடந்து போய்விட்டு வந்தேன் என்று ஒவ்வொரு தடவையும் அவள் எழுதுகிறாள்.

நான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கரைமேல் அவள் நிற்பது இங்கிருந்து புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி இறங்கித் திரும்பி வரும்வரை பெட்டியை யாரும் தொட விடமாட்டேன், கம்பெனி முதலாளியே வந்து நின்றாலும்.